பிள்ளையார் கரைந்த டப்பு

எருக்கம்பூ மாலை மண் தண்ணீரில் கிடந்து அழுகும்போது ஒரு வாசனை வரும். புளித்த மோருக்கும் ஏரிச் சேற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த வாசனை எங்கேனும் மூக்கில் பட்டால், கல்லூரிக்குப் போகும் வயது வந்த பிறகும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுகிறேன். மற்றவர்களுக்குப் பிள்ளையார் சதுர்த்தி என்றால் கொழுக்கட்டை நினைவுக்கு வரும். எனக்கு வருவதோ ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் தொட்டியும், அதற்குள் மல்லாந்து நீந்திய பூச்சிகளும், அவற்றை எண்ணி எண்ணி நான் பயந்த பயமும்தான்.

திருத்தணியில் மலைக்குப் போகும் சாலைக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. நைனா ஸ்டேஷனிலிருந்து மலைக்கு ஆட்டோ ஓட்டுபவர். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசும் பல வீடுகளிலும் அப்பா ‘நைனா’தான். அம்மா ஜாக்கெட் தைப்பாள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளே வராமல் மலைப்படி வெறிச்சோடிக் கிடந்த கொரோனா வருடம் அது. ஆட்டோ வாசலிலேயே நின்றது. அம்மா ஜாக்கெட்டை விட்டுவிட்டு மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தாள். சாமி விஷயமெல்லாம் அம்மாவோடு சரி. நைனாவுக்குச் சகுனம், சாஸ்திரம் எதிலும் பிடிப்பு கிடையாது. பூனை குறுக்கே போனால், “அதுக்கும் எங்கனா சவாரி இருக்கும், போவட்டும்” என்பார். நான் எதற்காவது பயந்து அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டினால், “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட பயமும் எனக்குப் போய்விடும்.

பிள்ளையாரை ஏரியில் கரைக்கக் கூடாது, அவரவர் வீட்டிலேயே கரைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த வருடம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் பிள்ளையார் வண்ணம் பூசாத, அச்சில் அழுத்திய பச்சைமண் பிள்ளையார். பொதட்டூர்பேட்டைப் பக்கத்து ஏரி மண் என்று விற்றவர் சொன்னாராம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைக் குளிப்பாட்டிய நீலநிற ‘டப்பு’ ஒன்று வீட்டில் இருந்தது. அம்மா அதை மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் நிரப்பி, எருக்கமாலையோடு பிள்ளையாரை இறக்கினாள். கரைந்து முடிவதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, ஒரு பிற்பகலில் தெரு முழுக்க ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஏறும் முன் அம்மா திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது எங்களைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ அல்ல.

“டப்பு தண்ணிய யாரும் கொட்டிடாதீங்க. கால் படாத எடமாப் பாத்து நானே வந்து ஊத்திக்கிறேன்.”

எனக்கும் நைனாவுக்கும் நோய் இல்லை என்றுதான் முடிவு வந்தது. ஆனாலும் வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் கூட இருக்க யாரையும் விடவில்லை; வார்டிலிருந்து ஒரு நர்ஸம்மா தினமும் போன் செய்து இரண்டு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். அடுத்த தெருவில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் பாய், நைனாவின் ஆட்டோவைப் பழுது பார்ப்பவர், காலையில் பாலும் பிரெட்டும் கொண்டுவந்து தகரத்தின் மேல் வைத்துவிட்டு எட்ட நின்று குரல் கொடுப்பார். அவர் ஒருவர்தான் எங்களோடு பேசினார்.

நடுவில் நல்ல மழை பெய்தது. மழை விட்டு மாடிக்குப் போனபோது டப்பில் மண் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. அந்தத் தண்ணீரில் என்னவோ நகர்ந்தது. முதலில் கொசுப்புழு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தவள் அலறிக்கொண்டு கீழே ஓடினேன். மண் நிறத்தில் அவரைக்கொட்டைத் தோல் போல ஒரு ஓடு, அதற்குப் பின்னால் இரண்டாகப் பிளந்த வால், அடியில் எண்ணவே முடியாத கால்கள். அந்தக் கால்கள் ஒரு நொடியும் ஓயவில்லை. ஓட்டின் முன்பக்கம் இரண்டு கரிய கண்கள். இரண்டுக்கும் நடுவே வெளுப்பாக இன்னொன்று.

மூன்று கண். பிள்ளையார் கரைந்த மண்ணிலிருந்து மூன்று கண்ணோடு எழுந்து வந்தவை. பன்னிரண்டு வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும்? சாமிதான் வந்திருக்கிறது, அம்மா திரும்பி வரும்வரை காவல் இருக்கத்தான் வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் சோற்றுப் பருக்கைகளை நசுக்கிப் போட்டேன். அவை கிடுகிடுவென்று வளர்ந்தன. பார்க்க அருவருப்பாகவும் இருக்கும், பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஒருநாள் ஒன்று அசையாமல் மிதந்ததைப் பார்த்து உறைந்துபோய் நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கீழே நைனாவின் போன் அடித்தது. அம்மாவுக்கு மூச்சு ரொம்பக் குறைந்துவிட்டது, ஆக்சிஜன் வைத்திருக்கிறோம் என்றார் நர்ஸம்மா. மிதந்தது ஒரு பூச்சி கழற்றிப் போட்ட வெறும் தோல் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்து என்ன? என் மனதில் முடிச்சு விழுந்துவிட்டது. இவை இருந்தால் அம்மா இருப்பாள், இவை போனால் அம்மாவும் போய்விடுவாள்.

அதன் பிறகு நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவது சுலபமாக இல்லை, ஏனென்றால் அவை ஒன்றையொன்று தின்றன. தோல் கழற்றிய ஒன்று சோர்ந்து கிடந்தால் போதும், மற்றவை சுற்றி வளைத்துக்கொள்ளும். குச்சியால் விலக்கிப் பார்த்தேன், பயனில்லை. ஒவ்வொரு முறை எண்ணிக்கை குறையும்போதும் ஓடிப்போய் நைனாவின் முகத்தைப் பார்ப்பேன், போன் வந்ததா என்று.

இப்படியிருக்கையில் ஒரு காலை பாய் பால் பாக்கெட்டோடு பிளீச்சிங் பவுடர் பை ஒன்றையும் தகரத்தின் மேல் வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“தப்பா நெனச்சிக்காதண்ணே. எதிர் மாடியில இருந்து பாத்துட்டாங்க. கொரோனா பூச்சியே அந்தத் தண்ணியிலதான் ஊறிகினு கீதுன்னு தெரு பூரா பேச்சு. இன்னிக்கி நீ போடலன்னா நாளைக்கு அவங்களே மேல ஏறி வந்துருவாங்க. எங்கூட்லயும் கைக்கொழந்த கீதுண்ணே. இத்தப் போட்டுடு.”

கொரோனாவின் படத்தைச் சுவருக்குச் சுவர் முள்ளும் கொம்புமாக வரைந்து வைத்திருந்த காலம். தெருவின் மேல் குற்றம் சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. அவர்களுக்கு அவர்கள் பயம். நைனா பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நான் அவரை முந்திக்கொண்டு ஓடி, டப்பை மறைத்து இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

“போடாத நைனா. அம்மா செத்துப்பூடும்.”

சொல்லிவிட்டு அவர் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு என்று தொடங்குவார், நானும் அழுதுகொண்டே சிரிப்பேன், பவுடரைக் கொட்டுவார், ஒன்றும் ஆகாது, எல்லாம் முடிந்துவிடும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். நைனா சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நானும் தெனம் எண்ணிகினுதாம்மா கீறேன்” என்றார். “நேத்து ஒண்ணு கொறஞ்சிருந்திச்சி. எனக்குச் சோறே எறங்கல.”

என் வாழ்க்கையில் நான் மிக அதிகமாகப் பயந்தது அந்த நொடியில்தான். ஆம்புலன்ஸ் வந்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை. பேய் இல்லை என்று சொல்ல வேண்டியவரே பேயைப் பார்த்துவிட்டேன் என்றால், பிள்ளை எங்கே போய் ஒண்டும்? அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

பிறகு இருவருமாகச் சேர்ந்து, தண்ணீர் தளும்பாமல் டப்பைத் தூக்கிக் கீழே குளியலறையில் ஒளித்து வைத்தோம். நைனா பவுடரை மாடி முழுக்க, எதிர் வீட்டுக்குத் தெரிகிற மாதிரி, கோலப்பொடி போலத் தூவினார். வாடை தெருமுனை வரை அடித்தது. “போட்டாச்சு பாய்!” என்று உரக்கக் கத்தினார். மறுநாள் எப்போதும் போலப் பால் வந்தது. நாங்கள் குளிக்கும்போது சோப்பு நுரை தெறிக்காமல் டப்பின் மேல் பழைய தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடினோம். இருவரும் சேர்ந்தே எண்ணினோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. எண்ணி முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

அம்மா வந்துவிட்டாள். தகரத்தைப் பிரித்த பிறகு நைனாவே ஆட்டோவில் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். பாதி உடம்பாக இறங்கியவள், ஆஸ்பத்திரித் தீட்டோடு எதையும் தொட மாட்டேன் என்று நேரே குளியலறைக்குப் போனாள். போன வேகத்தில் அவள் குரல் கேட்டது.

“டப்ப இங்க எவன் கொண்டாந்து வெச்சது? ச்சீ, இன்னாத்த வளத்து வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?”

நாங்கள் ஓடிப்போவதற்குள், நிற்கவே தெம்பில்லாதவள் டப்பைத் தரதரவென்று இழுத்துப் பின்வாசல் வரை கொண்டுபோய், செம்பருத்திச் செடியின் வேரில் மண்ணும் தண்ணீருமாக மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “இதக் கொட்டறதுக்குக்கூட நானே வரணும்” என்று முனகிக்கொண்டே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஈர மண்ணில் அவை இரண்டும் துள்ளின. பிறகு துள்ளவில்லை. நைனா நீட்டிய கை நீட்டியபடியே நின்றார். குளியலறைக்குள் சொம்பால் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை நாங்கள் மூச்சு விட்டோம். சத்தம் நின்றது. நைனா பாய்ந்துபோய்க் கதவைத் தட்டினார்.

“இன்னா?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்ல.”

“குளிக்கவாவது வுடுங்கய்யா!”

எல்லாம் போய்விட்டன. வாசலில் தகரம் அடித்த ஆணித் துளைகூட இப்போது இல்லை. டப்பு விரிசல் விட்டுப் பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. எதிர் வீட்டு அக்கா அம்மாவிடம்தான் ஜாக்கெட் தைத்துக்கொள்கிறாள். பூச்சியைப் பற்றிக் கேட்டால் அவளுக்கே நினைவிருக்காது. ஏன் டப்பைக் காபந்து செய்தோம் என்று அம்மாவிடம் நாங்கள் இதுவரை சொல்லவில்லை.

இப்போது சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். சென்ற வாரம் என் அறைத்தோழி ஆன்லைனில் ஒரு பொட்டலம் வாங்கி, அதிலிருந்த பொடியைக் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைத்தாள். சில நாளில் அதே ஓடு, அதே வால், அதே மூன்று கண். ‘ட்ரையாப்ஸ்’ என்று அவற்றுக்குப் பெயராம். முட்டை காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்குமாம். ஈரம் கண்டால் பொரியுமாம். பொரிந்தால் சில வாரமோ சில மாதமோதான் ஆயுளாம். விடுதியே கூடிக் கைதட்டியது. நான் மொட்டைமாடிக்குப் போய் நைனாவைக் கூப்பிட்டேன். எத்தனை சின்ன விஷயத்துக்கு அந்தப் பாடு பட்டோம் என்று சொல்லிச் சிரிக்கத்தான் கூப்பிட்டேன்.

“நைனா, நம்ம டப்புல இருந்திச்சே அந்தப் பூச்சி, இங்க ஒரு பொண்ணு காசு குடுத்து வாங்கி வளக்குது.”

ஸ்டேஷன் வாசலில் சவாரி ஏற்றிக்கொண்டிருந்தார்; ஹாரன் சத்தம் கேட்டது.

“எத்தினி கீது?” என்றார் நைனா.

“அஞ்சு.”

“சரிம்மா, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார். நான் படியிறங்கி அறைக்கு வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை, அம்மாவின் போன்.

“ஏண்டி, சவாரிய நடுரோட்ல எறக்கி வுட்டுட்டு உங்க நைனா வூட்டுக்கு ஓடியாந்தாரு. அடுப்பாண்ட நின்னுகினிருந்த என்னிய ஒரு பார்வ பாத்தாரு, அப்பிடியே திரும்பப் போயிட்டாரு. இன்னாடி சொன்ன அந்த மனுசனுக்கு?”

“ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன். “நீ போன வெக்காத. கொஞ்ச நேரம் திட்டிகினே இரு.”