குழுவில் இல்லாதவருக்கு ஒரு நோட்டீஸ்

டெல்லியில் எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் வராத நாள், மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற காரில் காலி இடம், எல்லாம் அதில்தான் தெரியும். அதற்கு மூன்று அட்மின்கள். ஒருவர் ரிடையரான அண்டர் செக்ரட்டரி. இன்னொருவர் ரிடையராகப் போகிற செக்‌ஷன் ஆபீசர். பெண் ஒருத்தியும் இருக்கட்டும் என்று என்னைச் சேர்த்தார்கள்.

குழுவில் நாகர்கோவில்காரரான ஒரு நர்ஸ் இருந்தார். கணவருக்கு வளைகுடாவில் வேலை. மதிய ஷிப்ட் வருகிற வாரங்களில் டியூட்டி நேரத்தைக் குழுவில் போடுவார். பகலில் வீட்டிலிருக்கும் யாராவது, இரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகளைப் பள்ளி பஸ்ஸிலிருந்து கூட்டி வருவார்கள். ஏப்ரலில் ஒருநாள், "நான் பார்த்துக்கறேன்" என்று எழுதிய பென்ஷன்காரர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கிப்போனார். குழந்தை கேட் அருகே நின்றுகொண்டே இருந்தது. வாட்ச்மேன் போன் செய்த பிறகுதான் தாய்க்கே தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்தே குழுவில் குரல் பதிவு போட்டார்: "பிள்ள ஒரு மணி நேரமா வெயில்ல நிக்கிது. முடியாதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா? மனுசன்தானா நீங்க?"

பென்ஷன்காரர் புகார் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, புகார் கொடுத்தார்! அண்டர் செக்ரட்டரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதோ பாரும்மா, குழந்தையை மறந்தது குரூப்புக்கு வெளியில. திட்டினது குரூப்புக்குள்ள. நாம உள்ளே நடந்ததைத்தான் விசாரிக்க முடியும்" என்றார்.

"பார்த்துக்கறேன்னு எழுதினது குரூப்புக்குள்ளதானே சார்?" என்றேன். இருவர் காதிலும் ஏறவில்லை.

ஆயுசு முழுக்க ஆபீசில் செய்ததையே இங்கேயும் செய்தார்கள். விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷன் என்று நர்ஸைக் குழுவிலிருந்து எடுத்தார்கள். பிறகு, ஒரு வாரத்துக்குள் விளக்கம் தரும்படி அவருக்கு ஒரு நோட்டீஸ் எழுதினார்கள். அதை எங்கே போட்டார்கள்? குழுவில். அவர்தான் குழுவிலேயே இல்லையே என்று கத்தினேன். "இருக்கட்டும், ரெக்கார்டுக்கு வேணும்" என்றார் செக்‌ஷன் ஆபீசர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பதில் எப்படி வரும்? வரவில்லை. விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பது இரண்டாவது குற்றமாயிற்று. வெறும் எச்சரிக்கையோடு போயிருக்க வேண்டியது ஒரு மாத விலக்கலாக ஏறியது. "மைனர் பெனால்டிதான்மா" என்று எனக்குச் சமாதானம் வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காய்கறி வண்டியருகே நர்ஸைப் பார்த்தேன். பாப்பாவை யார் கூட்டி வருகிறார்கள் என்று கேட்டேன்.

"நாந்தான். மேட்ரன்ட்ட கேட்டு நைட்டுக்கு மாறிட்டேன்லா, அக்கா."

"அப்ப ராத்திரி பாப்பா?"

"வெளிய பூட்டிட்டுப் போறேன். போன் பக்கத்துல இருக்கும். தூங்கிருவா." வெண்டைக்காய் ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

விதியாவது ஒன்றாவது என்று, அங்கேயே போனை எடுத்து அவரைக் குழுவில் திரும்பச் சேர்த்தேன். "நைட் டியூட்டின்னா பாப்பா எங்க வீட்ல படுக்கட்டும். பகல்னா குரூப்ல போடுங்க, யார் வரலைன்னு நான் பாக்கறேன்" என்றேன்.

அவர் போன் சத்தம் கொடுத்தது. எடுத்துப் பார்த்தார்.

"வேண்டாம்க்கா. நாளைக்கு உங்ககிட்டயும் கோவத்துல ஏதாவது சொல்லிட்டேன்னா, அப்புறம் பிள்ளைய யாருட்ட விட?"

வெண்டைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் குழுவிலிருந்தும் தானே வெளியேறியிருந்தார். அதன் கீழே அண்டர் செக்ரட்டரி எழுதியிருந்தார்: "அச்சா, அவங்களே போயிட்டாங்க. மேட்டர் க்ளோஸ்டு."

பென்ஷன்காரர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.