மூடாத கண்ணோடு ஒரு ஜெபம்

ஆண்டவருக்குள் அன்பான சபையாரே, ஜெபத்தில் தூங்குகிறவன் என்று மூன்று வருடம் உங்களிடம் பேர் வாங்கியவன் எழுதுகிறேன். நான் தூங்கவில்லை. அப்போதே சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. இப்போது நம்பலாம். என்னிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது.

1993 வாக்கில் என் மேல் இமைகள் இறங்கத் தொடங்கின. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பாதி இறக்கிய கடை ஷட்டர் மாதிரி அப்படியே நின்றுவிட்டன. நெற்றியைச் சுருக்கித் தூக்கிப் பார்த்தேன். அது போதாமல் மோவாயை உயர்த்திக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம்கூட 'ங்க' போட்டுச் சண்டை போடுகிற ஊரில், மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு ஒருவன் போனால் என்ன நினைப்பார்கள்? கருமத்தம்பட்டி நூலகருக்குத் தலைக்கனம் என்றார்கள். உட்கார்ந்து தலை குனிந்தால் தூக்கம் என்றார்கள். நூலகத்துப் புகார்ப் புத்தகத்தில் ஒரு வாசகர், "நூலகரை எழுப்பித்தான் புத்தகம் வாங்க வேண்டியுள்ளது" என்று முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார். ஒரு விரலால் வலது இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைப் படித்தேன். பிழையில்லாத தமிழ்.

புத்தகங்களும் அப்படித்தான். ஒரு கை இமைக்கு, ஒரு கை புத்தகத்துக்கு. பக்கம் புரட்ட ஆள் இல்லை. சாயங்காலத்துக்குள் நெற்றி விண்ணென்று தெறிக்கும். வீட்டுக்கு வந்து படுத்தால் போதும் என்றிருக்கும்.

சபையில் நம் மூப்பர் தாசண்ணன். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் தூங்குவதை அவர் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் பிடிப்பார்.

"ஏனுங்க தம்பி, ஆண்டவர் சமூகத்துலயாச்சும் முழிச்சிருக்கலாமுங்கல்ல?"

"முழிச்சுத்தானுங்கண்ணா இருந்தேன்."

"அதேன் தலை தொங்குச்சாக்கும்!"

1996 ஜூனில் ஒரு காலை, அவிநாசி ரோட்டைக் கடக்கும்போது ஈரோடு பஸ் வந்தது எனக்குத் தெரியவில்லை. என் மனைவி எஸ்தர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டைப் பை கிழிந்தது, நான் பிழைத்தேன். டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க, ஊட்லயே தூங்கி முடிச்சுப்போட்டு வரக்கூடாதுங்களா?" என்று கத்திவிட்டுப் போனார்.

என் கையைப் பிடித்த பிடியை எஸ்தர் வீடு வரை விடவில்லை. தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவள், பேச்சு குறைவு. வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தாள். "நாளைக்குக் கண்ணாஸ்பத்திரி போறமுங்க. இன்னொருக்கா இழுக்க எனக்குத் தெம்பில்லீங்க."

கோயம்புத்தூரில் டாக்டரம்மா அளவெடுத்தார். வேறு நோயா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். இமையைத் தூக்கும் தசை பிடி தளர்ந்துவிட்டது, கண்மணியில் பாதியை இமை மறைக்கிறது, ஆபரேஷன்தான் வழி என்றார். "குறைவாத் தூக்கினா பழையபடி இறங்கும். அதிகமாத் தூக்கினா மூடாது. மூடாம காய்ஞ்சா கருவிழி புண்ணாகிப் பார்வைக்கே ஆபத்து." அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு வாரம் சுமந்துகொண்டு திரிந்தேன். படிக்க முடியாத நூலகரை அரசாங்கம் என்ன செய்யும்? எஸ்தர்தான் என்ன செய்வாள்?

ஆபரேஷன் அன்று காலை ஜெபிக்க உட்கார்ந்தேன். வேதாகமத் தமிழில் பேசத் தெம்பில்லை. "ஆண்டவரே, களைச்சுப் போச்சுங்க. இனி நீங்களே பார்த்துக்குங்க" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். அதைவிடச் சின்னதாக நான் ஜெபித்ததில்லை.

உங்களில் யாராவது போக நேர்ந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: மயங்க வைக்க மாட்டார்கள். இமையில் போடும் ஊசிதான் வலி. பிறகு இழுப்பது மட்டும் தெரியும். நடுவில் உட்கார வைத்து, "திறங்க, மூடுங்க, மேல பாருங்க" என்பார்கள். சபையில் மூன்று வருடம் கேட்ட பேச்சுதான், இங்கே திட்டவில்லை. மறுநாள் கண்ணாடியில் தெரிகிறவரோடு சண்டை போடாதீர்கள், வீக்கம் வடியும். துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம். ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. ஒரு கண் பெரிதாகத் தெரியும், பொறுங்கள்.

டாக்டரம்மா பயமுறுத்தியதும் நடந்தது. என் கண் மூடவில்லை. "பெரும்பாலும் சில வாரத்துல சரியாகும். அதுவரைக்கும் மருந்து தவறக் கூடாது" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எஸ்தர் தறிக்கூடத்திலிருந்து ஓடிவந்து சொட்டு மருந்து விட்டுவிட்டு ஓடுவாள். படுக்கும்போது களிம்பு தடவி, இமைக்கு டேப் ஒட்டுவாள்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். தாசண்ணன் ஜெபிக்க ஆரம்பித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். என்னால் முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜெபிக்கிற முகங்களைப் பார்த்தேன். ஒருவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு அக்கா சமையலறைப் பக்கம் காதை வைத்திருந்தார்.

எஸ்தரைப் பார்த்தேன். தலை நன்றாகக் குனிந்திருந்தது. என்ன பக்தி என்று நினைத்தேன். தலை ஒரு முறை வெட்டியது, மறுபடி சரிந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். வகிட்டில் நரை. இது எப்போது வந்தது? மூன்று வருடமாக என் கீற்றுக் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் நீட்டிய டம்ளர்தான். களைத்துப் போச்சு என்று ஆண்டவரிடம் போய் முறையிட்டவன் நான். களைத்தவள் பக்கத்தில் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து தாசண்ணன், ஜெபம் தடைபடாமல், ஒரு கண்ணைத் திறந்தார். இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்! அந்தக் கண் வரிசையாகச் சுற்றி எஸ்தரிடம் வந்து நின்றது. பிறகு என்னிடம் வந்தது. வீங்கி, நீலம் பாரித்து, இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்த என் இரண்டு கண்களைச் சந்தித்தது. மனிதர் வெலவெலத்துப் போனார். கண்ணை இறுக மூடினார். உடனே ஆமென்.

செருப்பு மாட்டும்போது என் பக்கத்தில் வந்தார். "தம்பி, கண்ணு பரவாயில்லீங்களா?"

"நல்லாத் தெரியுதுங்கண்ணா."

குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டார். பிறகு மெதுவாக, "எஸ்தரம்மணி பாவம், ஓய்ஞ்சு போயிருக்குதுங்க. நாளையிலிருந்து சோறு எங்கூட்ல இருந்து வருமுங்க. பகல்ல மருந்தும் எங்கூட்டம்மா வந்து உட்டுப்போட்டுப் போகும்" என்றார்.

சொன்னபடி கண் மூடும்வரை சோறும் வந்தது, தாசண்ணன் வீட்டு அக்காவும் வந்தார். கருவிழி காயவில்லை. நான்காம் வாரம் ஒரு காலை டேப் இல்லாமலே இமைகள் ஒன்றையொன்று தொட்டன. எஸ்தரிடம் காட்டினேன். "இன்னொருக்கா மூடுங்க" என்றாள். மூடினேன். அவள் அழுவது கேட்டது. நீங்களே பார்த்துக்குங்க என்று விட்டதை ஆண்டவர் பார்த்துக்கொண்டார். நான் பார்க்காமல் விட்டதையும் காட்டினார். ஸ்தோத்திரம்.

இதை எழுதச் சொன்னவரே தாசண்ணன்தான், அவருடைய அந்த ஒற்றைக் கண்ணையும் சேர்த்து. இப்போதெல்லாம் காலைக் காப்பி நான் போடுகிறேன். சுமார்தான், எஸ்தர் உட்கார்ந்து குடிக்கிறாள்.

ஓய்ந்து போனவர்களே, அழகான வார்த்தை வராவிட்டாலும் ஜெபியுங்கள், கேட்கிறவர் இருக்கிறார். டாக்டரிடமும் போங்கள். ஒன்று மட்டும்: கண்ணை மூடுமுன் பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒரு தரம் பாருங்கள். ஜெபம் முடியுமுன் அவர் தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். அவருக்கும் சேர்த்து நீங்களே ஆமென் சொல்லிவிடுங்கள்.