தறிக்குக் குப்பை கிடையாது

சித்தூர் பக்கத்து நகராட்சி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் துப்புரவு வேலை பார்த்தேன். தள்ளுவண்டி தள்ளச் சேர்ந்தவன், மேஸ்திரியாக வெளியே வந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்புதான். ஆனால் ஒரு வீட்டுக் குப்பையைப் பார்த்தால், அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். பெரிய அதிகாரிகளே என்னைக் கேட்டுத்தான் தெருவுக்குள் வருவார்கள். அப்படிப்பட்ட நான் செய்த ஒரு தப்பைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பட்டியல்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் நகராட்சியில் பணம் பற்றவில்லை. குப்பை எடுக்க வீட்டுக்கு மாதக் கட்டணம், கடைக்கும் பட்டறைக்கும் அதைவிட அதிகம் என்று யோசனை வைத்தார்கள். கவுன்சிலில் அது நிறைவேறாவிட்டால் ஒப்பந்தத் தொழிலாளர் பன்னிரண்டு பேரை நிறுத்திவிடப் போவதாகக் கமிஷனர் சொன்னார். அதில் ஒருத்தி ராணி. புருஷன் இல்லை, மகள் நர்சிங் படிக்கிறாள். நெசவாளர் தெருக்களில் வண்டி தள்ளுகிறவள்.

பில் கிளார்க் கட்டணப் பட்டியலை என்னிடம் நீட்டி, வீடுகள் எல்லாம் சரியா என்று கேட்டார். முழுக்கத் தெலுங்கு. பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன், எழுத்து தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரியாத வீடா என்ற திமிர் வேறு. நாலு பக்கத்தைப் புரட்டிவிட்டு, “கரெக்டா கீது சார்” என்று கையெழுத்துப் போட்டேன்.

2. இரண்டு சீட்டு

வரப்போகும் கட்டணத்துக்கு வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கப் போன ராணி பாதியிலேயே திரும்பி வந்தாள்.

“மேஸ்திரிண்ணா, நேத்து வரைக்கும் குடிக்கத் தண்ணி குட்த்தவங்க இன்னிக்குக் கதவ சாத்திக்கினாங்க. ஒரு வூட்டுக்கு ரெண்டு சீட்டு வந்துகீதாம்.”

அவள் எட்டாவது வரை தெலுங்கில் படித்தவள். பட்டியலை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஆபீஸில் கரண்ட் மீட்டரை வைத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நெசவாளர் வீட்டில் கூடத்திலேயே தறி ஓடும். தறிக்குத் தனி மீட்டர். அதனால் வீட்டுக்கு ஒரு கட்டணம், தறிக்குப் பட்டறைக் கட்டணம்.

“இத நீ பாத்துதான கையெழுத்து போட்ட?” என்றாள்.

3. கூட்டம்

கவுன்சில் கூட்டத்துக்கு நெசவாளர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். கட்டணமே வேண்டாம் என்று கவுன்சிலர்களும் அவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். வாசலில் ராணி நின்றிருந்தாள். யாரும் கூப்பிடாமலே எழுந்தேன்.

“சார், அந்தப் பட்டியல் தப்பு. சரின்னு சொன்னவன் நான்தான். எனக்குத் தெலுங்கு படிக்க வராது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். இத்தனை வருஷம் எப்படி ஓட்டினாய் என்று கமிஷனர் கேட்டார்.

“படிக்கத்தான் வராது சார், குப்ப தெரியும். அறுந்த நூலுல ஒரு இழை இவங்க நம்ம வண்டில போட்டதில்ல. மெஷின் தொடைக்க மெக்கானிக் ஷெட்டுக்கு வித்துட்றாங்க. தறிக்குக் குப்ப கெடையாது, வூட்டுக்குத்தான் கீது. ஒரு மீட்டர வச்சிக்கினு மூணு லோடு எச்சி எலை போட்ற கல்யாண மண்டபத்த பட்டியல்ல வீடுன்னு எழுதிகீறாங்க.”

கோவிந்தன் என்ற நெசவாளர் எழுந்தார். “வூட்டுக்கு மட்டும்னா குட்த்துட்றோம். ராணி வராத நாளு மூக்க மூடிக்கினுதான் சோறு துன்றோம்.” சபையே சிரித்தது. ஒரு வாரத்தில் வேறு பட்டியல் கொண்டுவா, அதுவரை யாரையும் நிறுத்தமாட்டேன் என்றார் கமிஷனர்.

நானும் ராணியும் தெருத் தெருவாக நடந்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மண்டபங்களும் ஓட்டல்களும் அவற்றுக்கு உரிய இடத்துக்குப் போயின, தறிகள் வெளியே வந்தன. அந்தப் பட்டியல்தான் நிறைவேறியது. பன்னிரண்டு பேருக்கும் வேலை நிலைத்தது. எந்த அதிகாரியும் போட முடியாத பட்டியல் அது. இன்றும் மார்தட்டிச் சொல்வேன்.

ஆனால் படிக்கத் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டாதீர்கள். பக்கத்திலேயே படிக்கத் தெரிந்தவள் வண்டி தள்ளிக்கொண்டிருப்பாள், கேளுங்கள். அன்றைக்குக் கையெழுத்துக்கு முன்னால் புதுப் பட்டியலை ராணி கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

“இன்னொரு வாட்டி படிம்மா” என்றேன்.