குருணில் லெட்சுமி நடக்காமல் போன நான்கு மைல்

ஜப்பான்காரர் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் லெட்சுமி பள்ளிக்கு நடந்துவர வேண்டியிருந்த பாதையை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. எண்பது வயதைத் தாண்டிய பிறகு, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பார்த்துவிடுவதென்று கிளம்பினேன். நான் இருக்கும் அலோர் ஸ்டார் மெர்கோங்கிலிருந்து வாடகைக் கார், போகவர நூற்றிருபது வெள்ளி. காலை ஏழரைக்குப் புறப்பட்டு எட்டு இருபதுக்குக் குருண் சேர்ந்தேன்.

கடைத்தெருவிலிருந்து லெட்சுமி இருந்த தோட்டத்து முகப்பு வரை காரின் மீட்டர் ஆறரைக் கிலோமீட்டர் காட்டியது. நான்கு மைல்.

"இதப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? செம்பனை மட்டும்தான்லா இருக்கு, அம்மா," என்றார் ஓட்டுநர் முருகையா.

இன்று எண்ணெய்க்கான செம்பனை நிற்கும் இடமெல்லாம் அப்போது ரப்பர் மரங்கள். பாதி வழியில், பாலத்தருகே, ஜப்பானியச் சிப்பாய்களின் காவல் சாவடி.

அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா குருண் ரயில் நிலையத்தில் குமாஸ்தா. கான்வென்ட்டை மூடிவிட்டதால் அலோர் ஸ்டாரிலிருந்து வீடு திரும்பியிருந்தேன். என் வயதுடைய லெட்சுமி, தோட்டத்திலிருந்து தாய் பாப்பாத்தியோடு கீரை விற்க வருவாள். என் பழைய புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் போவாள். தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்போடு சரி. மேல்வகுப்பு குருணில்தான். அவளைச் சேர்க்கப் பாப்பாத்தி வந்த அன்று நானும் கூடப் போனேன்.

அன்று அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு. கல்யாணம் ஒன்றும் நடக்கவில்லை. கன்னிப் பெண்களைச் சிப்பாய்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில், தோட்டத்துத் தாய்மார் பலர் செய்ததையே பாப்பாத்தியும் செய்திருந்தார்.

வாத்தியார் கயிற்றைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். "கல்யாணமான பிள்ளைய சேக்க முடியாதும்மா."

"சும்மா கட்டுனதுங்க, சார்," என்றார் பாப்பாத்தி.

"அப்ப கழட்டச் சொல்லு. இப்பவே எழுதிக்கிறேன்."

"கழட்டிட்டா சாவடிய எப்படித் தாண்டுவா? நீங்க தெனம் வந்து கூட்டிக்கிட்டுப் போவீங்களா?"

நான் குறுக்கே புகுந்தேன். "பாப்பாத்தியக்கா, சாவடி தாண்டினதும் கழட்டட்டும். திரும்பிப் போறப்ப கட்டிக்கட்டும்."

"தெனம் கழட்டி மாட்ட இது என்னா பாசிமணியா, பாப்பா? நாளைக்கு இவளுக்கு வர்ற புருஷன் நல்லா இருக்க வேணாமா?"

"இன்னும் வராத புருஷனுக்கு இப்பவே என்னாம்மா பயம்?" என்றாள் லெட்சுமி. வாத்தியார்கூடச் சிரித்துவிட்டார். பாப்பாத்தி சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். மறுவாரமே லெட்சுமி மரவள்ளிக்குக் களை எடுக்கப் போனாள். பிறகு எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

மூடநம்பிக்கை அவள் படிப்பைக் கெடுத்தது என்று பல வருடம் சொல்லிவந்தேன். சாவடி நின்ற இடத்தில் இறங்கிப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடும் இல்லை. அன்றும் இருந்திருக்காது. பாப்பாத்தி பயந்ததில் தவறே இல்லை.

பள்ளியிலிருந்து எங்கள் வீடு முந்நூறு அடி. பின்னறை காலி. அவள் அங்கே தங்கியிருக்கலாம். தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்வது எங்கள் குடும்பத்து வழக்கமில்லை. அந்த யோசனை எனக்கு அன்று தோன்றவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பிறகு வெயில் தாங்காது. வழியில் கடை இல்லை, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். தூரத்துப் பிள்ளை ஒன்றை மேலே படிக்கச் சொல்லுகிறீர்கள் என்றால், அது எங்கே தங்கும் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் அறை இருந்தால், புத்திமதிக்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.