கஞ்சிக்கு நிற்கிற மாதிரி ஒரு வரிசை

அறுபதுகளின் தொடக்கம், சாரல் இன்னும் இறங்காத வைகாசி மாதம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். என் கணவருக்குத் தென்காசியில் அரிசி ஆலையில் வேலை. சுரண்டையிலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்பதால் அங்கே எங்களிடம் கோயில் வரி வாங்குவதில்லை; வரி கொடுக்காதவர்கள் ஊர்க் கணக்கில் சேர மாட்டார்கள். என் மூத்த மகள் அப்போது கைக்குழந்தை.

அம்மை குத்த ஆள் வந்தாலே கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர் அது. குத்தினால் அம்மன் கோபிப்பாள் என்று பயம். அந்த மாதம் பக்கத்து ஊரில் பெரியம்மை கண்டு ஒரு குழந்தை இறந்தது. பிறகு சுகாதார ஊழியர் வந்தபோது கோயில் வாசலில் ஊரே கூடிவிட்டது. அவரிடம் இருந்த மருந்து எல்லோருக்கும் போதாது. அடுத்து எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

நாட்டாமை வரிசையை ஒழுங்குபடுத்தினார். கோயில் கொடைத் திருவிழாவில் திருநீறு வாங்கும் முறைப்படி வரி கொடுக்கும் குடும்பங்கள் முதலில், மற்றவர்கள் பின்னால். அவருக்கு அது அநியாயமாகத் தோன்றவில்லை. ஊரில் எல்லாமே அப்படித்தான் நடக்கும். செங்கல் சூளைப் பெண்களோடு நானும் பிள்ளையை இடுக்கிக்கொண்டு கடைசியில் நின்றேன். காலியான கண்ணாடிக் குழாய்களை ஊழியர் படியில் ஒதுக்கி வைப்பது அங்கிருந்தே தெரிந்தது.

முன்னால் நின்ற கோயில் சமையல்காரர் வரிசையை விட்டு விலகினார்.

"அண்ணாச்சி, கொடைக்குக் கஞ்சி ஊத்தும்போது வரி பாத்தா ஊத்துதோம்? கைப்பிள்ளைக்காரி முதல்ல வரட்டும்னு நீங்கதான சத்தம் போடுவிய?"

"அது கஞ்சி, லே."

"இது மட்டும் என்ன, அல்வாவா?"

யாரோ சிரித்தார்கள். நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பிள்ளைக்காரிய எல்லாம் முன்ன வாங்க. ஏட்டி சூளைக்காரி, உனக்குத் தனியா சொல்லணுமா?"

மகளின் கையில் மருந்தை வைத்து வட்ட ஊசியால் திருகியபோது அவள் வீறிட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நாட்டாமையின் முறை வருமுன் மருந்து தீர்ந்துவிட்டது. "அண்ணாச்சி, சட்டி காலி" என்றார் சமையல்காரர். நாட்டாமை பிறகு பஸ் ஏறித் தென்காசி போய்க் குத்திக்கொண்டு வந்தார். அந்தக் கோடையில் எங்கள் ஊரில் யாருக்கும் அம்மை காணவில்லை.

மகளின் கையில் அந்த வட்டத் தழும்பு இன்றும் இருக்கிறது. அன்று அவளைக் காப்பாற்றிய வழக்கம் அந்த ஊரிலேயே இருந்தது, மருந்து தீர்வதற்குள் ஒருவர் அதை ஞாபகப்படுத்தினார் என்று நினைக்கும்போது இப்போதும் மனம் லேசாகிறது.