ஜிப் வைத்த உறை

பேரனின் மாறுவேடப் போட்டிக்காகத் திருப்பதிக் கடையில் கௌபாய் பெல்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு துப்பாக்கி உறையின் ஜிப் கரகரத்ததும் கை நின்றுவிட்டது.

அப்போது சித்தூரில் எனக்கு ஒன்பது வயது. என் பொட்டுவெடித் துப்பாக்கிக்கு எந்தப் பையும் பொருந்தவில்லை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; சபை உபதேசியாரான அவருடைய பைபிள் உறைதான் இடுப்பில் வாகாகத் தொங்கியது. விளையாடிய பிறகு துப்பாக்கியை எடுத்துவிட்டு பைபிளைத் திரும்ப உள்ளே வைக்க மறந்துவிட்டேன்.

ஞாயிறு ஆராதனையில் நைனா ஜிப்பைத் திறந்தார். எனக்கு மூத்திரம் முட்டியது. உள்ளே துப்பாக்கியைப் பார்த்தவர் மூடிவிட்டு, சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னார். நடுவில் ஒரு வசனம் தடுமாறியது.

வீட்டில், “இத்த நீயே வச்சிக்கமே” என்றார். அவ்வளவுதான். சாகும்வரை, மழையிலும், பைபிளை உறையில்லாமல் நெஞ்சோடு அணைத்தபடிதான் போனார்.

“ஜிப் வச்சதே எட்துக்குங்க ஆன்ட்டி, ஸ்ட்ராங்கு” என்றான் கடைக்காரன்.

“வேணாம்பா. பட்டன் வச்சது குடு.”