தமிழ்ப் பிள்ளைக்கு அப்படித்தான்

எங்களுடையது தங்கச் சுரங்க ஊரில் ஒரு கன்னட வழிப் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், நானும் அப்படித்தான். என் வகுப்புக்கென்று ஒரு நோட்டு வைத்து, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எழுத்துப் பிழைகளைச் சிவப்பிலும் அவற்றுக்கான காரணத்தைப் பச்சையிலும் எழுதி வருவேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். அவள் பக்கத்தின் முதல் பதிவு: தாமரைக்குக் கன்னடத்தில் ‘கமல’, அவள் எழுதியது ‘மகல’. கீழே பச்சையில்: ‘வீட்டு மொழி தமிழ். அதனால் குழப்பம்.’

அவள் கரும்பலகையில் எழுதினாலே பின் பெஞ்சு கலகலக்கும்.

“டேய், ரிவர்ஸ் கியர் போட்டுட்டாடா!”

“இவள சுரங்கத்து கேஜ்ல ஏத்துனா தப்பு லெவல்லதான் எறங்குவா!”

அவளும் கூடச் சிரிப்பாள். சாக்பீஸைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருக்கும். ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “தமிழ்ல ஒரே ‘க’. கன்னடத்துல நாலு. தமிழ்ப் புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். நீ ஒண்ணும் மக்கு இல்ல.”

“நெஜமாவா டீச்சர்?” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினாள்.

‘கமல’ ‘மகல’ ஆனதற்கும் நாலு ‘க’வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்று எனக்கு அது தோன்றவில்லை.

அவள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, கற்பதில் சிரமப்படும் பிள்ளைகளைப் பார்க்க வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியை என் நோட்டைப் புரட்டினார்.

“மேடம், இந்தப் பொண்ணு தமிழ்ல எப்படி எழுதுது?”

“இங்க தமிழ் சொல்லித் தர்றதில்லையே.”

“ஒரு வாட்டி எழுதச் சொல்லிப் பாருங்க. அதுலயும் இப்படியேன்னா இது மொழிக் குழப்பம் இல்ல, கற்றல் குறைபாடு. டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டா பரிட்சையில கூடுதல் நேரம் கேக்கலாம், எழுத ஆள் கேக்கலாம்.”

‘தமிழில் எழுத வைத்துப் பார்க்க வேண்டும்’ என்று ஜூலையில் என் டைரியில் குறித்தேன். ஆகஸ்டில் மறுபடியும் அதே வரி. செப்டம்பரிலும். காரணம்தான் தெரிந்ததாயிற்றே என்று இருந்துவிட்டேன். தசரா விடுமுறை முடிந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

பத்தாம் நாள் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் அவள் வீட்டுக்குப் போனேன். “வாங்க டீச்சர்” என்று அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் சுவரோரம் நின்றாள்.

“தமிழ்ப் புள்ளைக்கு கன்னடம் அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்களாமே,” என்றார் அம்மா. “அப்ப தமிழு வந்துடும்னு இவளா நெனச்சிக்கினா. ராபர்ட்சன்பேட்டைக்கு என்னை இஸ்துக்கினு போயி அரிச்சுவடி வாங்க வெச்சா. ரெண்டு வருசமா தெனம் எங்கூட குந்திக்கினு எழுதுனா டீச்சர். இந்த லீவுலதான் நோட்ட தூக்கிப் போட்டுட்டா.”

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘பலகை’ ‘லபகை’யாக இருந்தது. ‘கதவு’ ‘தகவு’. பக்கம் பக்கமாக, பென்சிலை அழுத்தி, கோடு தாண்டாமல் எழுதியிருந்தாள்.

“டீச்சர்,” என்றாள் அவள். “கன்னடம் வராததுக்கு தமிழ்ப் புள்ளன்னு சொன்னீங்க. தமிழும் வரல. அப்ப நா இன்னா புள்ள?”

உன் அறிவில் குறையில்லை, எழுத்துகளின் வரிசைதான் உன் கண்ணுக்குப் பிடிபடவில்லை, அதற்கு உதவி இருக்கிறது என்றேன். சர்டிபிகேட்டைப் பற்றியும் கூடுதல் நேரத்தைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்பவும் நீங்க நல்லாத்தான் சொன்னீங்க டீச்சர்,” என்றாள். கோபமே இல்லாத குரல்.

திங்கட்கிழமை சிறப்பாசிரியையும் நானும் விண்ணப்பத்தோடு காத்திருந்தோம். அவள் வரவில்லை. பெங்களூரில் அத்தையின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அவளே கேட்டுக் காலை ரயிலில் போய்விட்டாள் என்று அம்மா போனில் சொன்னார். அத்தை வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அவள் வந்து பேசவில்லை.

“காரணம் எழுதுங்க மேடம். குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுடுங்க,” என்றார் தலைமை ஆசிரியர், பள்ளியை விட்டு நின்றவர்களின் பட்டியலை நீட்டி.

என் நோட்டை எடுத்து அவள் பக்கத்தைப் பார்த்தேன். சிவப்பில் ஒரு பிழையும் விடுபடவில்லை, தேதிகளும் சரி. பச்சையில் ‘வீட்டு மொழி தமிழ்’ என்ற அந்த ஒரே காரணம்தான். பட்டியலில் அவளுக்கான கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை.